அட்டுத் தீவும் கடலோரக் காவலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், வான்கூவரிலிருந்து ஜப்பானுக்குக் கோதுமை ஏற்றிப் போகும் கப்பல்கள் நேர் மேற்கே போகாமல் அலாஸ்காப் பக்கம் வளைந்து போவது ஏன் என்று எழுதியிருந்தேன். உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்குவழி. அந்த வழியில் வரும் அட்டு என்ற தீவையும், அங்கே அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடத்திய லோரான் என்ற ரேடியோ வழிகாட்டி நிலையத்தையும் இரண்டே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக வேலை பார்த்தவன் நான். அட்டுவில் கால் வைத்ததில்லை. மேகம் விலகிய நேரத்தில் அதன் மலைகளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, அங்கிருந்து வரும் சிக்னலை நம்பிக் கப்பல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த இதழ் முழுவதும் அந்தத் தீவுக்கும் அதைச் சுற்றி எழுந்த கேள்விகளுக்கும்தான்.

அட்டு சரியாக எங்கே இருக்கிறது? எப்போதும் பனிக்கட்டி மூடிய தீவா? மாணவர்களுக்கு வரைபடத்தில் காட்ட வேண்டும்.
– பள்ளி ஆசிரியை, தக்கலை

அலாஸ்காவின் தென்மேற்கு முனையிலிருந்து ரஷ்யாவின் கம்சட்காவை நோக்கி அலூசியன் தீவுகள் வில்லாக வளைந்து போகின்றன. அந்த வரிசையில் அமெரிக்காவுக்குச் சொந்தமான கடைசித் தீவு அட்டு. அலாஸ்காவின் பெருநிலத்திலிருந்து சுமார் 1,770 கிலோமீட்டர். தீர்க்கரேகை 173 டிகிரி கிழக்கு என்பதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், டீச்சர். அமெரிக்காவின் மேற்குக் கோடி கிழக்கு அரைக்கோளத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கிழமை குழம்பக் கூடாது என்று சர்வதேசத் தேதிக்கோட்டை அட்டுவுக்கு மேற்கே ஒதுக்கி வரைந்திருக்கிறார்கள். பரப்பளவு ஏறத்தாழ 890 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தில் பாதிக்குச் சற்று அதிகம்.

பனிக்கட்டித் தீவு இல்லை. அதைச் சுற்றியுள்ள கடல் உறைவதில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கும், கோடையில் பத்து டிகிரிப் பக்கம் ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே மனிதரை வாட்டுவது மூடுபனி, மழை, காற்று. பசிபிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று வடக்கேயுள்ள பேரிங் கடலின் குளிரைச் சந்திக்கும் இடம் அது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வானம் மூடியே கிடக்கும். மலையுச்சியிலிருந்து திடீரென்று கடலை நோக்கி இறங்கும் காற்று ஒன்று உண்டு, 'வில்லிவா' என்பார்கள். அது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் அடிக்கும், சில நிமிடங்களில் ஓய்ந்தும் விடும். அந்தக் காற்றிலும் குளிரிலும் மரம் நிற்பதில்லை. புல்லும் பாசியும் கோடையில் காட்டுப்பூக்களும்தான்.

லோரான் நிலையம் என்று எழுதியிருந்தீர்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் அதை வைத்து எப்படி இடம் பார்த்தார்கள்? எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லவும்.
– ஆழ்கடல் விசைப்படகு ஓட்டுநர், தூத்தூர்

உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் கட்டுமரத்தில் போய், மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான 'பார்' இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கரையிலுள்ள கோயில் கோபுரம் பின்னாலிருக்கும் மலையின் எந்த முகட்டுக்கு நேராக வருகிறது என்று ஒரு பக்கம் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் வேறொரு கோபுரம், வேறொரு முகடு. இரண்டும் ஒரே நேரத்தில் நேருக்கு நேர் வந்தால், வலையைப் போட வேண்டிய இடம் அதுதான். இரண்டு கோடு வெட்டும் இடம். லோரானும் அதேதான், கோபுரத்துக்குப் பதில் ரேடியோக் கோபுரம், கண்ணுக்குப் பதில் நேரக்கணக்கு.

ஒரு தலைமை நிலையம் 100 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிப்புகளை அனுப்பும். குறிப்பிட்ட இடைவெளி விட்டுத் துணை நிலையங்கள் ஒவ்வொன்றாக அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடுகிறது. தலைமை நிலையத்தின் துடிப்புக்கும் துணை நிலையத்தின் துடிப்புக்கும் இடையே எத்தனை மைக்ரோ விநாடி என்பதைக் கப்பலிலுள்ள கருவி அளக்கும். அந்த எண்ணுக்கு உரிய வளைகோடு கடல்வரைபடத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். இன்னொரு துணை நிலையத்தை வைத்து இன்னொரு வளைகோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தால் கப்பல் அங்கே. நல்ல இடத்தில் சில நூறு மீட்டருக்குள் சரியாக வரும். மேகமோ மூடுபனியோ அதைத் தடுக்காது. வாரக்கணக்கில் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்க்க முடியாத கடலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு தலைமை நிலையமும் அதன் துணை நிலையங்களும் சேர்ந்ததைச் சங்கிலி என்பார்கள். வடபசிபிக் சங்கிலியில் தலைமை நிலையம் பேரிங் கடலில் உள்ள செயின்ட் பால் தீவு. துணை நிலையங்கள் மூன்று: மேற்கே அட்டு, வடக்கே போர்ட் கிளாரன்ஸ், கிழக்கே கோடியாக் தீவின் நாரோ கேப். நான்கையும் நடத்தியது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. பனிப்போர் முடிந்த பிறகு ரஷ்யாவோடு சேர்ந்து ஒரு சங்கிலி அமைத்தார்கள். அதில் அட்டு கம்சட்காவிலிருந்த ரஷ்ய நிலையத்தோடு இணைந்து வேலை செய்தது. நேற்றுவரை ஒருவரை ஒருவர் உளவு பார்த்த இரண்டு நாடுகள் மீன்படகுக்கும் சரக்குக் கப்பலுக்கும் வழிகாட்ட ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொண்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவிலும் மும்பைப் பக்கம் ஒன்று, கொல்கத்தாப் பக்கம் ஒன்று என லோரான்-சி (மேலே சொன்ன முறையின் முழுப்பெயர்) சங்கிலிகள் இருந்தன. ஆனால் நம்முடைய படகுகளில் அந்தக் கருவி ஏறவே இல்லை. நம் ஆட்கள் திசைகாட்டியிலிருந்து நேராக ஜிபிஎஸ்ஸுக்குத் தாவியவர்கள். இடையிலிருந்த காலம் முழுவதும் அரபிக்கடலில் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்தார்களே, அந்தத் திறமையை எந்தக் கடல்சார் கல்லூரியும் பாடமாக வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

யாருமில்லாத தீவில் ஒரு வருடம் எப்படி இருந்திருப்பார்கள்? நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

சுமார் இருபது பேர், மகளே. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ஒரு வருடப் பணி, முடிந்தால் வேறு ஆள் வருவார். 2010-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அட்டுவின் மக்கள்தொகை 21 என்று பதிவாகியிருக்கிறது. அத்தனை பேரும் நிலையத்து ஆட்கள்.

சிக்னலைக் கவனிப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் அந்தச் சிலரை உயிரோடு வைத்திருப்பவர்கள் என்று சொல்லலாம். மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், அதற்கு மெக்கானிக்குகள். குடிநீரும் கழிவுநீரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். விமான ஓடுதளத்தில் பனியைத் தள்ள வண்டியும் ஆளும். சமையல்காரர். டாக்டர் கிடையாது, மருத்துவப் பயிற்சி பெற்ற ஒரு சிப்பாய் உண்டு. குடல்வால் வீங்கினால் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

கோடியாக்கிலிருந்து சி-130 ஹெர்குலிஸ் விமானம் வரும். தூரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாகர்கோவிலிலிருந்து நேர்கோட்டில் டெல்லி போகிற தூரம். காய்கறி, உதிரிப் பாகங்கள், கடிதங்கள், மாற்று ஆள் எல்லாம் அதில்தான். சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூடுபனி இறங்கினால் விமானம் திரும்பிப் போய்விடும், காத்திருந்த கடிதமும் அதோடு போய்விடும். அந்தத் தரையிறக்கம் விளையாட்டும் அல்ல. 1982 ஜூலையில் அட்டுவை நெருங்கிய கடலோரக் காவல்படையின் சி-130 ஒன்று மலைச்சரிவில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள்.

மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். கப்பலில் ஏழெட்டு மாதம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் மனிதரைத் தாங்குவது வேலையின் நேரம். இத்தனை மணிக்கு எழ வேண்டும், இந்த மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும், அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். ரேடியோ அறையில் எங்களுக்கு ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகப்பில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 நிமிடம் வரையும் சிவப்புப் பூசியிருக்கும். அந்த மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகத்தில் யாரும் பேசக் கூடாது, எல்லோரும் காது கொடுக்க வேண்டும். எங்காவது ஒரு பலவீனமான எஸ்ஓஎஸ் இருந்தால் அப்போது கேட்கும். நடுக்கடலில், நள்ளிரவில், தனியறையில் அந்த மூன்று நிமிடம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தனிமை தோன்றியதே இல்லை. கோடியாக்கில் என்ஓஜே என்ற அழைப்புக்குறியோடு ஒருவர் அதே நிமிடம் காதைத் தீட்டி வைத்திருக்கிறார் என்று தெரியும். 1999 பிப்ரவரி 1-ல் செயற்கைக்கோள் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்து எங்கள் பணியிடமே கப்பலிலிருந்து போய்விட்டது. அது வேறு கதை.

அட்டுவில் ஓய்வு நேரத்தில் ஓடைகளில் சால்மன் பிடிப்பார்கள், மலையேறுவார்கள். மலையேறும்போது காலடியைப் பார்த்து வைக்க வேண்டும். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. ஏன் என்பது அடுத்த பதிலில்.

காவல்படை வருவதற்கு முன்னால் அங்கே மக்கள் வாழவில்லையா? வாழ்ந்திருந்தால் அவர்கள் எங்கே போனார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

இந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் நானே எழுதியிருப்பேன், ஐயா.

உனங்கன் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அலூசியன் தீவுகளில் வாழ்கிறார்கள். வெளியார் அவர்களை அலியூத் என்றார்கள். தோல் போர்த்திய சிறு படகில் கடல்சிங்கமும் திமிங்கிலமும் வேட்டையாடியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கடல்நீர்நாயின் ரோமத்துக்காக ரஷ்ய வணிகர்கள் வந்தபின் நோயும் கட்டாய வேலையும் அவர்களைக் கரைத்தன. அப்படியும் அட்டுவில் ஒரு சிறு கிராமம் மிஞ்சியது. அந்தக் கிராமத்துப் பெண்கள் காட்டுப்புல்லைத் துணி போல மெல்லியதாகப் பிரித்துப் பின்னிய கூடைகள் உலக அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன.

1942 ஜூன் 7-ல் ஜப்பானியப் படை அட்டுவில் இறங்கியது. கிராமத்தில் அப்போது இருந்தவர்கள் நாற்பது பேருக்குச் சற்று மேல். அவர்களை ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள ஒடாரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும் காசநோயிலும் பலர் அங்கேயே இறந்தார்கள். 1943 மே 11-ல் அமெரிக்கப் படை தீவை மீட்க இறங்கியது. மூன்று வாரம்கூட நீடிக்காத சண்டையில் அமெரிக்கர் சுமார் 550 பேரும் ஜப்பானியர் 2,300 பேருக்கு மேலும் இறந்தார்கள். ஜப்பானியரில் உயிரோடு பிடிபட்டவர்கள் முப்பது பேர்கூட இல்லை. சரியான காலணியும் உடையும் இல்லாமல் இறக்கப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் குளிரால் கால் புண்ணாகி முடங்கினார்கள்.

போர் முடிந்து, ஒடாருவில் பிழைத்தவர்கள் திரும்பினார்கள். ஊருக்குப் போக அவர்களை விடவில்லை. ஆள் குறைவு, தீவு தூரம், கிராமத்தை மறுபடி கட்ட முடியாது என்று அரசு சொல்லிவிட்டது. பலரை அட்கா என்ற வேறு தீவில் குடியேற்றினார்கள். அதே அரசு 1944-லேயே அட்டுவில் லோரான் நிலையம் வைத்தது. 2010 வரை அறுபது வருடத்துக்கு மேல் ஆளும் எண்ணெயும் விமானமும் அனுப்பிக்கொண்டே இருந்தது. இருபது சிப்பாய்க்குச் சோறு அனுப்ப முடிந்த தூரம், பிறந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் எட்டாத தூரமாகிவிட்டது. அந்த நிலையத்தில் வேலை செய்தவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் அனுப்பிய சிக்னலில் என் உயிரும் இருந்தது. ஆனாலும் அந்த மக்களைத் திரும்ப விடாதது அநியாயம். தூரம் என்ற ஒரு சொல்லை வைத்துக் கடற்கரை மக்களை அவர்கள் இடத்திலிருந்து நகர்த்துவது எந்த நாட்டில் நடந்தாலும் அநியாயம்தான்.

போர்க்காலத்தில் மற்ற அலூசியன் தீவுகளிலிருந்து உனங்கன் மக்களை அமெரிக்காவே வெளியேற்றித் தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்ட மீன் ஆலைகளில் அடைத்து வைத்தது. அங்கும் பலர் இறந்தார்கள். 1988-ல் நாடாளுமன்றம் சட்டமியற்றி மன்னிப்பும் இழப்பீடும் கொடுத்தது. 2017-ல் அட்டு மக்களின் வழிவந்தவர்கள் சிலர் கப்பலில் போய்த் தங்கள் பழைய கிராமம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீடு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஒக்கிப் புயலில் என் வீட்டுக்காரர் போன படகு திரும்பவில்லை. அந்த நாட்டில் தூரத் தீவுக்குக்கூட ஹெலிகாப்டர் போகும் என்கிறார்கள். உண்மையா? இங்கே ஏன் அப்படி இல்லை?
– மீனவப் பெண், வள்ளவிளை

அம்மா, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத நேரம் எடுத்துக்கொண்டேன். உங்களிடம் கூட்டியும் குறைத்தும் சொல்லக் கூடாது.

போகும் என்பது உண்மை. எப்போதும் காப்பாற்றிவிடும் என்பது உண்மையல்ல. 2004 டிசம்பரில் 'செலண்டாங் ஆயு' என்ற மலேசியக் கொடிக் கப்பல் சோயா ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போனது. அதில் 26 பேர். நம் நாட்டுக்காரர்களும் பிலிப்பைன்காரர்களும். நடுவழியில் எஞ்சின் சிலிண்டர் விரிசல் விட்டது, எஞ்சினை நிறுத்தினார்கள், மறுபடி கிளம்பவில்லை. குளிர்காலப் புயலில் கப்பல் அலூசியன் வரிசையிலுள்ள உனலாஸ்கா தீவை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போனது. கடலோரக் காவல்படைக் கப்பலும் இழுவைப் படகுகளும் கயிறு கட்டிப் பார்த்தன, கயிறு நிற்கவில்லை. ஹெலிகாப்டர்கள் வந்து 18 பேரைத் தூக்கிவிட்டன. டிசம்பர் 8 மாலையில் மீதிப்பேரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கப்பலில் மோதி எழுந்த ஓர் அலை ஹெலிகாப்டரையே விழுங்கிவிட்டது. அதற்குள் மூன்று மீட்புப் படையினரும் கப்பலாட்கள் ஏழு பேரும் இருந்தார்கள். இன்னொரு ஹெலிகாப்டர் அந்த மூன்று பேரையும் கப்பலாட்களில் ஒருவரையும் நீரிலிருந்து எடுத்தது. ஆறு பேர் போய்விட்டார்கள். கப்பல் இரண்டாக உடைந்தது. உடைந்த கப்பலின் முன்பக்கத்தில் கேப்டனும், அவரோடு தங்கிவிட்ட மீட்பு நீச்சல்காரர் ஒருவரும் காத்திருந்து கடைசியில் தூக்கப்பட்டார்கள்.

அங்கே என்ன வேறு என்று கேட்டால், நான் சொல்வது ஒன்றுதான். ஹெலிகாப்டரை மீனவர் இருக்கும் இடத்துக்கு முன்கூட்டியே கொண்டுபோய் வைக்கிறார்கள். அவர்களுடைய பெரிய விமானத்தளம் கோடியாக்கில். செயின்ட் பால் தீவோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அழைப்பு வந்த பிறகு கிளம்பினால் பிரயோசனமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் இலையுதிர்காலத்தில் சிவப்பு நண்டுப் பருவம் தொடங்கும்போது கோல்ட் பே என்ற சிற்றூருக்கும், குளிர்காலத்தில் பனிநண்டுப் பருவத்தில் செயின்ட் பாலுக்கும் ஹெலிகாப்டரையும் ஆட்களையும் நகர்த்தி வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். பருவம் முடிந்தால் திரும்பிவிடுவார்கள். அப்படியிருந்தும் 2017 பிப்ரவரியில் 'டெஸ்டினேஷன்' என்ற நண்டுப் படகு செயின்ட் ஜார்ஜ் தீவருகே ஆறு பேரோடு மூழ்கியது. தெறிக்கும் கடல்நீர் படகின் மேல்தட்டிலும் கூண்டுகளிலும் உறைந்து பாரமாகிப் படகைச் சாய்த்துவிடும் கடல் அது. அவர்களும் இழக்கிறார்கள், அம்மா. ஆனால் இழந்த பிறகு ஏன் என்று பொதுவில் விசாரித்து, அறிக்கையை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். செலண்டாங் ஆயு அறிக்கையை நானே படித்திருக்கிறேன். எந்த மணிக்கு யார் என்ன முடிவெடுத்தார் என்று அதில் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம் கரையைத் தாக்கியபோது ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தன. எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. படகிலிருந்த விஹெச்எஃப் ரேடியோ சில பத்துக் கடல் மைலுக்கு மேல் எட்டாது, அவர்களோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால். பிழைத்தவர்கள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறினார்கள். அன்றிலிருந்து நம் கடற்கரை ஊர்கள் கேட்பது குமரி மாவட்டத்தில் ஹெலிகாப்டர் இறங்கி எரிபொருள் நிரப்பி உடனே கிளம்பக்கூடிய மீட்புத் தளம். இது அதிகப்படியான கோரிக்கை என்று பேசுபவர்களுக்கு நான் செயின்ட் பாலைக் காட்டுகிறேன். அங்கே குடியிருப்பவர்கள் நானூறு பேர் அளவுக்குத்தான். தூத்தூரிலிருந்து நீரோடி வரை ஒரே ஒரு தெருவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். நிரந்தரத் தளம் முடியாதென்றால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, புயல் மாதங்களில் மட்டுமாவது ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். கடல் தெரிந்தவர்கள் உலகமெங்கும் செய்கிற வேலை இது.

ஊரில் மற்றப் பெண்களுக்கும் சொல்லுங்கள்: படகு நேரத்துக்கு வரவில்லை, தொடர்பில்லை என்றால் கட்டணமில்லாமல் 1554 என்ற எண்ணுக்குப் பேசலாம். இந்தியக் கடலோரக் காவல்படையின் தேடல்-மீட்பு எண். சென்னை, மும்பை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன. படகின் பதிவு எண், நிறம், எத்தனை பேர், கடைசியாகப் பேசிய நாளும் இடமும், எந்தத் திசையில் தொழிலுக்குப் போவார்கள் என்பது – இவற்றைப் படகு கிளம்பும்போதே ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.

அந்த நிலையத்தை ஏன் மூடினார்கள்? மூடியது சரியா?
– வாசகர், கருங்கல்

ஜிபிஎஸ் இருக்கும்போது இதற்குச் செலவு தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். 2010 பிப்ரவரி 8-ல் அமெரிக்க லோரான்-சி நிலையங்களில் பெரும்பாலானவை நின்றன. ரஷ்யாவோடு ஒப்பந்தம் இருந்ததால் அட்டு ஆகஸ்ட் 1 வரை ஓடியது. அந்த மாதமே கடைசி ஆட்களும் கிளம்பினார்கள். போர்ட் கிளாரன்ஸின் 411 மீட்டர் கோபுரத்தை அதே ஆண்டு ஏப்ரலில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். இப்போது அட்டுவில் யாரும் குடியிருக்கவில்லை. வனவிலங்குப் புகலிடம் அது. பறவை ஆய்வாளர்கள் போவார்கள், வருவார்கள்.

சரியில்லை என்பது என் எண்ணம். ஜிபிஎஸ் சிக்னல் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து மிகவும் மெலிந்து வருகிறது. சின்னக் கருவியை வைத்து அதைக் குழப்பிவிடலாம். கருங்கடலிலும் செங்கடலிலும் கப்பல்களின் திரையில் இடம் தவறாகத் தெரிவது இப்போது அடிக்கடி வரும் செய்தி. தரையிலிருந்து பலமாக அடிக்கும் லோரானைக் குழப்புவது அவ்வளவு எளிதல்ல. தென்கொரியா போன்ற நாடுகள் அதன் புதிய வடிவத்தை மறுபடி கையில் எடுத்திருப்பது அதனால்தான். ஒரே ஒரு வழியை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. படகுக்காரர்களும் திசைகாட்டியைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். இந்தியக் கடலோரக் காவல்படையில் சேர ஆசை. நம்மிடமும் இப்படித் தூரத் தீவு நிலையங்கள் உண்டா?
– மாணவன், குளச்சல்

உண்டு, தம்பி. லட்சத்தீவில் கவரத்தி, மினிக்காய், ஆண்ட்ரோத். அந்தமான் நிகோபாரில் வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்பல் பே வரை. மினிக்காய் நம் கரைக்கு நேர் மேற்கே சுமார் 500 கிலோமீட்டரில் இருக்கிறது. 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இன்றும் எரிகிறது. உன் ஊர் ஆட்களில் பலர் அதன் வெளிச்சத்தைப் பார்த்திருப்பார்கள், கேட்டுப் பார்.

நம் கடலோரக் காவல்படை 1977 பிப்ரவரி 1-ல் இடைக்கால அமைப்பாகத் தொடங்கி, 1978-ல் தனிச் சட்டம் பெற்றது. நாவிக் (மாலுமி) பொதுப்பணிப் பிரிவுக்குக் கணிதமும் இயற்பியலும் படித்த பிளஸ் டூ வேண்டும். உள்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும். டிப்ளமோ முடித்தவர்களுக்கு யாந்திரிக் என்ற தொழில்நுட்பப் பணி. வயது 18 முதல் 22 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. விண்ணப்பம் இணையம் வழியாகத்தான், பணம் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடு. தேர்வானவர்களுக்கு ஆரம்பப் பயிற்சி ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில். ஓட்டப் பயிற்சியை இப்போதே தொடங்கு, 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கண்ணையும் பல்லையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடு, உடல்தகுதிச் சோதனையில் நம் பையன்கள் பலர் அங்கேதான் நின்றுபோகிறார்கள்.